காதால் பார்த்த ஆலாக்கள்

ஆண் ஆலா, சொண்டில் மீனைக் கவ்விக்கொண்டு பெண் தேடி வரும்போது போடுகிற சத்தத்தை நான் இன்றைக்கும் வாயால் போட்டுக்காட்டுவேன். கீர்ரி-கிரிக், கீர்ரி-கிரிக் என்று அடித்தொண்டையில் தொடங்கி நுனிநாக்கில் முடிக்க வேண்டும். கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் செய்வேன். கேட்காவிட்டாலும் சில வேளை செய்துவிடுவேன். பெருமை பிடித்தவள் என்று சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். பறவைச் சத்தத்தைக் கேட்டுப் பட்டம் வாங்கியவள் எங்கள் கரையில் நான் ஒருத்திதான். அதை மூடி வைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

எங்கள் வீடு கொழும்புத்துறையில், பரவைக் கடலின் ஓரத்தில் இருந்தது. முழங்கால் நனைய நெடுந்தூரம் நடந்து போகக்கூடிய கடல் அது. அப்பா அந்தத் தண்ணீரில் கம்பு நட்டு வலை கட்டுகிறவர். தொண்ணூறில் சண்டை மறுபடி மூண்ட பிறகு, கடற்படையின் தடையால் ஆழக்கடல் எங்களுக்கு இல்லை என்று ஆகிவிட்டது. கரையோரத்தில் அகப்பட்டதைக் கொண்டுதான் எல்லாரும் சீவித்தார்கள். மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை, கமராவுக்குப் பிலிம் இல்லை. அந்த வருடங்களில்தான் நான் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துக் கடைசி வருடத்துக்கு வந்திருந்தேன். எங்கள் பக்கத்தில் அந்தப் படியேறிய முதல் பெண் நான். அப்பா அதை மாதா கோயில் வாசலிலும் மீன் சந்தையிலும் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தார்.

கடைசி வருடத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். கூடப் படித்தவர்கள் தண்ணீரில் நெளிகிற நுளம்புக் குடம்பியையும் இறாலையும் எடுத்துக்கொண்டார்கள். வாளிக்குள் போட்டு வைத்துப் படிக்கக்கூடியவை. நான் ஆலாவை எடுத்தேன். ஒரு பெண் ஆலா எந்த ஆணை ஏற்றுக்கொள்கிறது, எதை வைத்து ஏற்றுக்கொள்கிறது? நிறத்தைப் பார்த்தா, குரலைக் கேட்டா, கொண்டு வரும் மீனைப் பார்த்தா? இதுதான் என் கேள்வி. வீட்டில் சொன்னபோது அம்மா அடுப்படியில் இருந்து சிரித்தார்.

"ஆலாய்ப் பறக்கிறது எண்டு சனம் சும்மாவே சொல்லுறது? உனக்கெண்டே சொல்லி வைச்ச மாதிரிக் கிடக்கு."

தென்மேற்கில் இருந்து சோளகக் காற்று தொடங்கித் தண்ணீர் வற்றும்போது எங்கள் கரைக்கு முன்னால் ஒரு மணல்திட்டு வெளியே வரும். சின்ன ஆலாக்கள் அங்கேதான் சோடி சேர்ந்து முட்டையிடும். வெள்ளை உடம்பு, கறுப்புத் தொப்பி, நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. கடலோரத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரிந்த பறவைதான். ஆனால் தெரிந்த பறவையைப் பற்றித்தான் ஊரில் பிழையான கதைகளும் அதிகம்.

அப்பாவிடம் அப்படி ஒரு கதை இருந்தது. சின்ன ஆலாவில் இரண்டு சாதி உண்டு என்பார். மஞ்சள் சொண்டுக்காரர் வெளியூரில் இருந்து வருகிறவர்கள், கறுப்புச் சொண்டுக்காரர் எங்கள் ஊரார். வலை கட்டுகிற எல்லாருமே அப்படித்தான் நம்பினார்கள். இரண்டும் ஒரே பறவை, சோடி சேரும் காலம் வரும்போது சொண்டு மஞ்சளாகிறது, காலம் முடிந்ததும் திரும்பக் கறுக்கிறது என்று நான் சொன்னால், "கடலிலை நிண்டவன் நானோ நீயோ?" என்பார். எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆள் அல்ல.

நல்ல காலத்துக்கு ஒரு மொண்டி ஆலா என்னைக் காப்பாற்றியது. எப்போதோ தங்கூசித் தூண்டில் நூலில் சிக்கி ஒரு பாதத்தை இழந்த பறவை. அப்பாவின் வலைக்கம்பு ஒன்றில் நாள்தோறும் வந்து ஒற்றைக்காலில் நிற்கும். சித்திரையில் அதன் சொண்டு கறுப்பு. பிறகு அடியில் லேசாக மஞ்சள் தட்டியது. வைகாசி நடுவில் நுனியில் ஒரு பொட்டுக் கறுப்பைத் தவிர மற்றதெல்லாம் மஞ்சள். காலும் தோடம்பழம் போலச் செம்மஞ்சளாகியது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒருநாள் மீன் பறியை இறக்கி வைத்துவிட்டு, எங்கேயோ பார்த்தபடி, "எங்கடை மொண்டியனுக்குச் சொண்டு பழுத்திட்டுது," என்றார். மாம்பழத்தைச் சொல்வது போல. அதற்கு மேல் தோல்வியை ஒப்புக்கொள்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

ஆனால் மஞ்சள் சொண்டு, நான் சோடிக்குத் தயார் என்று மட்டும்தான் சொல்லும். ஆணா பெண்ணா என்று சொல்லாது. ஆணும் பெண்ணும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். கறுப்புச் சொண்டோடு வருகிறதை ஒன்றும் ஏறெடுத்துப் பார்க்காது. நிறத்தின் வேலை அவ்வளவோடு முடிந்தது. மிச்சம் முழுவதும் குரலும் மீனும்தான். ஆண் ஒரு மீனைப் பிடித்துக் குறுக்காகக் கவ்விக்கொண்டு, திட்டுக்கு மேலே கூப்பிட்டபடி சுற்றும். விருப்பமுள்ள பெண் பின்னால் பறக்கும். அவர் இறங்கிக் கழுத்தை நீட்டி, சிறகைத் தாழ்த்தி, மாப்பிள்ளை நடை நடப்பார். பெண் குறுகி உட்கார்ந்து, ப்பீ-ப்பீ என்று மெல்லிய குரலில் கேட்கும். பிடித்தால் மீனை வாங்கும். மீன் சின்னனென்றால் ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்தத் திருப்பலைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு சந்தோசம் வந்ததை ஏன் மறைக்க வேண்டும்?

இதையெல்லாம் முதலில் தண்ணீருக்குள் இறங்கி, குந்தியிருந்து, கிட்டத்தில் பார்த்துப் படித்தேன். தொலைநோக்கி இல்லை. இருந்தாலும், உளவாளி என்று சந்தேகப்படுகிற அந்த நாட்களில் கடற்கரையில் அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு நிற்பதற்குத் துணிச்சல் போதாது, மூளைக்கோளாறும் வேண்டும். முட்டையிடத் தொடங்கியதும் கிட்டப் போவதையும் விட்டுவிட்டேன். பறவை பயந்து எழும்பினால் வெயிலில் முட்டை அவிந்துவிடும். கரையில் நின்றால் எல்லாமே வெள்ளைப் புள்ளி. ஆனால் காற்று கடலில் இருந்து எங்கள் பக்கம் வீசியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணை விட்டுக் காதைப் பிடித்துக்கொண்டேன். வயிற்றுக்கு மீன் தேடும்போது ஒரு சத்தம், சண்டைக்கு ஒன்று, பெண் தேட ஒன்று, பெண் மீனைக் கேட்க ஒன்று.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "காது பொய் சொல்லும் பிள்ளை. கடலைக் கண்ணாலை தான் பாக்க வேணும்," என்பார். கூப்பிடுகிற ஆலாவுக்குக் கீழே மீன் கூட்டம் இருக்கும் என்று நம்பி, வள்ளத்தைக் கம்பால் மூச்சு வாங்க ஊன்றிக்கொண்டு போய், வெறுந் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருகிறவரும் அவர்தான். அந்த ஆலாவின் வாயில் ஏற்கெனவே மீன் இருந்திருக்கும். அது பெண் தேடிக் கூப்பிட்டிருக்கும். நான் சொன்னால் கேட்கமாட்டார்.

வெயிலில் நின்று நின்று நான் கறுத்துப்போனேன். அதைக் கவனிப்பதற்கென்றே எங்கள் மாமி இருந்தார், அப்பாவின் தங்கை. கலியாணப் பேச்சுக்களைக் கொண்டு வருவதில் அவரை வெல்ல ஆள் இல்லை. அந்த வருடம் பாரிசில் இருக்கும் ஒருவரின் படத்தைக் கொண்டு வந்திருந்தார். சிவப்புக் கார் ஒன்றில் சாய்ந்துகொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு மாப்பிள்ளை.

"இப்பிடிக் கறுத்தால் உந்தப் பொடியனும் கை நழுவிப் போயிடும்," என்று மாமி அம்மாவிடம் சொன்னார். பதிலை ஆனி முடிவதற்குள் சொல்ல வேண்டுமாம். பேச்சு மாமிக்கும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடையில் நடந்தது. என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் கேட்கிற வழக்கமும் அவ்வளவாக இல்லை.

எனக்கு அப்போது வேறு கவலை. சத்தத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினால் சத்தத்தைக் காட்ட வேண்டும். வீட்டில் ஒரு கசெற் ரெக்கோடர் இருந்தது, போட்டு இயக்கப் பற்றரி இல்லை. ஊரே சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம் அது. நானும் அதையே செய்தேன். என் அண்ணனைக் கெஞ்சி, சைக்கிளைக் கரை மணலில் தலைகீழாக நிறுத்தி, அவன் கையால் பெடலைச் சுற்றச் சுற்ற நான் மைக்கைக் கடல் பக்கம் நீட்டிப் பிடித்தேன். திரும்பப் போட்டுக் கேட்டால் சில்லுச் சுற்றுகிற இரைச்சல்தான் முன்னால் நிற்கிறது. அவன் வேகமாகச் சுற்றிய இடத்திலும் களைத்துப்போன இடத்திலும் நாடா வேறு வேறு கதியில் ஓடியிருந்ததால், ஆலா ஓரிடத்தில் ஆட்டுக்குட்டி போலவும் ஓரிடத்தில் பூனை போலவும் கத்தியது. இடையில் அண்ணனின் குரல் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது: "கை விட்டுப் போகுதடி. உந்தக் குருவி இன்னும் கலியாணம் முடிக்கேல்லையோ?"

வேறு வழியில்லாமல் அந்த நாடாவையே கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டுரையைப் பரிசீலித்தவர் எங்கள் பிரிவின் மூத்த விரிவுரையாளர். கண்டிப்பானவர், ஆனால் நீதியானவர். நாடாவைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கத்தான் துடைத்தார் என்று நினைக்கிறேன்.

"இது சான்று இல்லை. காதாலை கேட்டு ஆணெண்டும் பெண்ணெண்டும் எழுதியிருக்கிறீர். அதை நான் என்னெண்டு நம்புறது? வேறை தலைப்பு எடுத்து அடுத்த வருசம் செய்யும்."

அடுத்த வருடம். அந்த நாட்களில் அடுத்த கிழமை பல்கலைக்கழகம் திறந்திருக்குமா என்றே எவருக்கும் தெரியாது. இந்தக் கட்டுரை விழுந்தால் என் சிறப்புப் பட்டம் போகும். அப்பா கோயில் வாசலில் சொல்லி வைத்ததெல்லாம் போகும். மாமியின் சிவப்புக் கார் மட்டும் எனக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். பயமும் கோபமும் சேர்ந்து ஏறின. கோபம் கொஞ்சம் கூட.

"அப்ப கரைக்கு வாங்கோ, சேர். நீங்கள் பாருங்கோ. நான் பாக்காமல் சொல்லுறன்," என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு, "உது நியாயம்," என்றார்.

சொன்னபடியே ஒரு காலை சைக்கிளில் வந்தார். காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு எங்கள் வள்ளத்தில் ஏறினார். அப்பா கம்பால் ஊன்றிக்கொண்டுபோய், பறவைகள் எழும்பாத, ஆனால் சொண்டின் நிறம் தெரிகிற தூரத்தில் நிறுத்தினார். சேரின் கண்ணுக்குத் திட்டு நன்றாகத் தெரிந்தது. நான் திட்டுக்கு முதுகு காட்டி, கரையைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அப்பாவின் தலைத்துண்டால் அண்ணன் என் கண்ணைக் கட்டினான். அது மீன் வெடுக்கு அடித்தது. சேதி பரவி, வலை கட்டுகிறவர்கள் சிலர் கொஞ்சம் தள்ளித் தண்ணீரில் நின்றார்கள். படித்த பெட்டை தோற்பதைப் பார்க்க வந்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

முதலில் எளிதாகப் போனது. "இது பசிக்குத் தேடுறது" என்றேன். சேர் "ஓம்" என்றார். "ரெண்டு பேருக்குச் சண்டை." "ஓம்." "மீனோடை ஒருத்தர் சுத்துறார், பின்னாலை பெட்டை போகுது. இறங்கிட்டினம். பெட்டை கேக்குது. இப்ப சத்தம் நிண்டிட்டுது. வாங்கிட்டுது." சேர் கொஞ்சம் இழுத்து, "ஓம்... வாங்கிட்டுது," என்றார். "இன்னொருத்தர். இறங்கிறார். பெட்டை கேட்டது, ஆனால் இடையிலை விட்டிட்டுது. வேண்டாமாம்." "ஓம்," என்றவர் தன்பாட்டில், "மீன் சரியான சின்னன்," என்று சேர்த்துக்கொண்டார். தண்ணீரில் நின்றவர்களின் கதை பேச்சு நின்றுவிட்டது எனக்குக் கேட்டது.

பிறகு அது வந்தது. கீர்ரி-கிரிக், கீர்ரி-கிரிக்.

"எங்கடை மொண்டியன்," என்றார் அப்பா தாழ்ந்த குரலில். "நல்ல பெரிய மீன்."

"மீனோடை வாறார். இறங்கிறார்," என்றேன். காத்திருந்தேன். ப்பீ-ப்பீ கேட்கவில்லை. "பெட்டை இல்லை," என்றேன்.

"பிழை," என்றார் சேர். குரலில் ஒரு வருத்தமும் இருந்தது. "பக்கத்திலை ஒண்டு வந்து பதுங்கி இருந்தது. மஞ்சள் சொண்டு. மீனை வாங்கிட்டுது. நான் கண்ணாலை கண்டனான்."

ஒரு சத்தமும் போடாமல் வாங்கியதா என்று யோசித்தேன். நான் எதை நினைக்கிறேனோ அதை அதற்கு முன் ஒரே ஒரு தரம்தான் கண்டிருந்தேன். அன்றைக்கும் சரியாகக் கண்டேனா என்ற சந்தேகம் இருந்தது. "கேக்கேல்லைப் போலை" என்று மழுப்பியிருக்கலாம். ஆனால் காது கேட்காததை நான் எப்படிக் கேட்டதாகச் சொல்வேன்?

"வாங்கினது பெட்டை இல்லை, சேர்," என்றேன். "பெட்டை எண்டால் வாய் திறந்து கேட்டிருக்கும். இது ஒரு சத்தமும் போடேல்லை. இதுவும் ஆம்பிளை. பெட்டை மாதிரிப் பதுங்கி இருந்து களவெடுத்தது. விடாமல் அதைப் பாருங்கோ."

யாரோ சிரித்தார்கள். மொண்டியன் கிக்-கிக்-கிக் என்று ஆத்திரத்தில் கத்திக்கொண்டு துரத்துவது கேட்டது. தூரம் போய் அடங்கியது. காற்று மட்டும். நான் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மாதாவே, ஒரே ஒரு தரம் வாய் திறக்கட்டும் என்று மன்றாடினேன். பட்டப்படிப்புக்கு மாதாவை ஒரு குருவியிடம் அனுப்பியதும் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

அப்போது திட்டின் மற்றப் பக்கத்தில் இருந்து, புதுக் குரலில், கீர்ரி-கிரிக், கீர்ரி-கிரிக்.

"அது தான்," என்றேன். "இப்ப அவர் கூப்பிடுறார். களவெடுத்த மீனைக் கொண்டு பொம்பிளை பாக்கப் போறார்."

பிறகு ப்பீ-ப்பீ என்ற மெல்லிய கெஞ்சல், அதற்குப் பிறகு அமைதி.

"குடுத்திட்டார். அவ வாங்கிட்டா," என்றேன்.

சேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. பல்கலைக்கழகத்தில் ஒருநாளும் கேட்காத, வயிறு குலுங்கிய சிரிப்பு. "ஓம் பிள்ளை," என்றார். "ஓம். அதே மீன். நான் கண்ணாலை பாத்தும் பெட்டை எண்டு ஏமாந்து போனன்." துண்டை அவிழ்த்தபோது வெளிச்சம் கண்ணில் குத்தியது. கண்ணீர் வந்ததற்கு வெளிச்சத்தின் மேல் பழியைப் போட்டேன். தண்ணீரில் நின்றவர்கள் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வள்ளத்தைத் திருப்புவதில் மும்முரமாக இருந்தார். வழமைக்கு மாறாக, நேராக இருந்த வள்ளத்தையே இரண்டு தரம் நேராக்கினார்.

கட்டுரை தேறியது. காதால் கேட்டதை எப்படிச் சோதித்தோம் என்று ஒரு பகுதியைச் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். அடுத்த சோளகத்தில் அப்பா வள்ளத்தைத் தள்ளுவதற்கு முன் படலையடியில் நின்று என்னைக் கூப்பிட்டுக் கேட்கத் தொடங்கினார்: "பிள்ளை, உது பசிக்குக் கத்துதோ, பொம்பிளைக்குக் கத்துதோ?" அதற்குப் பிறகு வந்த ஐப்பசியில் சண்டைக்கு அஞ்சி ஊரே எழும்பி நடந்தபோது கட்டுரையின் என் பிரதி வீட்டோடு போனது. அதில் இருந்ததை இப்போதும் வாயால் சொல்லுவேன், வாயால் கத்தியும் காட்டுவேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது, கண்ணைக் கட்டி வள்ளத்தில் இருந்த அன்றைய பின்னேரத்தை. மாமி பதில் கேட்டு வந்திருந்தார். அப்பா முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மாமி படத்தை மறுபடியும் எடுத்து நீட்டினார். அப்பா கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"கார் வடிவாய்த் தான் இருக்கு," என்றார். "கார் ஆருடையது?"

"என்ன அண்ணை கதைக்கிறாய், பொடியன் அதிலை தானே சாஞ்சு கொண்டு நிக்கிறான்."

"சாஞ்சு கொண்டு நிக்கிறது தெரியுது. மீன் ஆருடையது எண்டு தான் கேக்கிறன்."

மாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். அப்பா படத்தை மாமியிடம் கொடுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, என் கையில் வைத்தார்.

"நீ சொல்லு, பிள்ளை," என்றார். "உனக்குத் தான் காது இருக்கு."

எங்கள் வீட்டில் அப்படி ஒரு கேள்வியை அதற்கு முன் எந்தப் பெண்ணிடமும் யாரும் கேட்டதில்லை. நான் படத்தை ஒரு பார்வை பார்த்தேன். வேண்டாம் என்றேன். அப்பா தலையை ஆட்டிவிட்டு வலையைத் திரும்ப எடுத்தார்.